ஊசிக்குக் கை நீட்டியோர்

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் அதனை அறிஞரின் வரலாறாகவே எழுதி வந்துள்ளனர். பெரியம்மை என்றால் ஜென்னர். விசர்நாய்க்கடி என்றால் பாஸ்ரர். இளம்பிள்ளைவாதம் என்றால் சோல்க். 1796 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜென்னர் எவனுடைய கையைக் கீறிப் பசுவம்மைச் சீழை இட்டாரோ, அந்த எட்டு வயதுப் பையன் அவர் வீட்டுத் தோட்டக்காரனின் மகன் என்பதை எத்தனை பாடநூல்கள் கூறுகின்றன? அவன் தோட்டக்காரனின் மகனாக இருந்தது தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

மருந்துப் பரிசோதனைக்கும் தடுப்பூசிப் பரிசோதனைக்கும் அடிப்படையிலேயே ஒரு வேற்றுமை உண்டு. நோயாளி புதிய மருந்தை ஏற்பது பிழைக்கும் ஆசையினால். தடுப்பூசியின் முதற் பரிசோதனைக்கு வருபவனோ நோயற்றவன். ஊசி நோயைத் தடுக்குமா என்ற வினாவே அக்கட்டத்தில் எழுப்பப்படுவதில்லை. உடலுக்குத் தீங்கு விளையுமா, எவ்வளவு கொடுத்தால் உடல் பொறுக்கும், எதிர்ப்பு ஏதேனும் தோன்றுகிறதா என்பனவே வினாக்கள். சில பத்துப் பேரைத் தெரிந்து, மிகக் குறைந்த அளவிலே தொடங்கி, தீங்கில்லை எனக் கண்ட பின்னரே அளவைக் கூட்டுவர். இவ்வாறு ஒருவன் தனக்கு நன்மையில்லாத ஒன்றிற்குத் தன் உடலைத் தருவதாயின், அவன் விடயத்தை அறிந்து, தானாக விரும்பித் தரவேண்டும். நாசி வைத்தியர்களை விசாரித்த நூரெம்பேர்க் நீதிமன்றம் 1947 இல் வகுத்த விதிகளுள் முதலாவது இதுவே.

எயிட்ஸ் நோய்க்குக் காரணமான வைரசு கண்டறியப்பட்டதாக 1984 ஏப்பிரில் 23 ஆம் திகதி அமெரிக்க சுகாதாரச் செயலாளர் மாகிரற் ஹெக்லர் அறிவித்தபோது, ஏறத்தாழ ஈராண்டுகளில் தடுப்பூசியொன்று பரிசோதனைக்கு ஆயத்தமாகும் என்று நம்பிக்கை தெரிவித்தார். ஆண்டுக் கணக்கிலே அவர் பெரிதும் தவறிவிடவில்லை. பரிசோதனைக்குப் பின்னர் வெற்றியும் விரைவில் வரும் என்று உலகம் எண்ணியதுதான் பொய்த்தது. பிரெஞ்சு அறிஞர் டானியல் சகூரி தாம் ஆக்கிய ஊசியைத் தம் உடலிலேயே முதலில் ஏற்றினார். அன்று சயீர் என வழங்கிய கொங்கோ நாட்டினர் சிலருக்கும் ஏற்றினார். இச்செய்தி 1987 இல் வெளியாயிற்று. தம் உடலைத் தந்தமை துணிவுதான். ஆயின் பாரிசில் ஆக்கிய ஊசிக்கு ஆபிரிக்கர் ஏன் தேவைப்பட்டனர் என்ற கேள்வி அத்துணிவினால் மறைந்துவிடாது.

அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் அமெரிக்க அரசு தன் நாட்டில் முதற் பரிசோதனைக்கு அனுமதி வழங்கிற்று. பெதெஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆஸ்பத்திரியில் அது நடைபெற்றது. பங்குபற்றியோர் நலமுடைய 138 பேர். அவர்களுக்கு ஏற்றப்பட்டது வைரசு அன்று. அதன் புறவுறையிலுள்ள ஜீ. பி. 160 என்னும் ஒரேயொரு புரதம். பூச்சியின் கலங்களிலே அதனை வளர்த்தெடுத்தனர். ஒரு கதவை மட்டும் கொண்டு வீட்டைக் கட்ட முடியாததுபோல, அப்புரதத்திலிருந்து வைரசு உண்டாதல் இயலாது. பாரதூரமான தீங்கு எதுவும் காணப்படவில்லை.

உடலுக்குத் தீங்கில்லை. சமூகத்திலோ நிலைமை வேறு. எச். ஐ. வி. தொற்றை அறிய அக்காலத்தில் வழங்கிய பரிசோதனை வைரசைத் தேடவில்லை. அதனை எதிர்த்து உடல் ஆக்கும் பிறபொருளெதிரியையே தேடிற்று. தடுப்பூசியின் நோக்கமோ அப்பிறபொருளெதிரியை உண்டாக்குவதே. எனவே ஊசி தன் வேலையைச் செவ்வனே செய்தால், நலமுடைய மனிதன் பரிசோதனைத் தாளிலே நோயாளியாகிவிடுவான்! அந்நாளில் அமெரிக்கப் படையிற் சேர்வோர் இப்பரிசோதனைக்கு உட்படவேண்டும். கிருமியுடைய அயல்நாட்டவர் நாட்டினுள் நுழைவதற்கு 1987 இல் வந்த தடை 2010 வரை நீடித்தது. பெதெஸ்டாவில் அனுமதி கிடைத்த அதே ஆகத்து மாதத்தில், புளோரிடா மாநிலத்து ஆர்க்கேடியாவில் ஒரு வீடு தீக்கிரையாயிற்று. குருதி உறையா நோயுடைய மூன்று சிறுவர்கள் அங்கு வாழ்ந்தனர். ஏற்றப்பட்ட குருதிப் பொருளால் அவர்களுக்குக் கிருமி தொற்றியிருந்தது. நீதிமன்றக் கட்டளையுடன் பாடசாலைக்குச் சென்றமையே ஊரவரின் சினத்துக்குக் காரணம். இத்தகைய நாட்டிலே, 'கிருமி உண்டு' என்று தாளில் எழுதப்படக்கூடிய நிலைக்கு அந்த 138 பேரும் தம்மை உட்படுத்தினர். பங்குபற்றியதற்குச் சான்றாக அட்டை வழங்குவதும், வைரசையே நேரடியாகத் தேடும் பரிசோதனையைச் செலவின்றிச் செய்து கொடுப்பதும் பின்னர் வழக்கமாயின.

இவ்வாறு வருவோரை நாம் தொண்டர் என்கிறோம். சேக்கிழார் நாளிலிருந்தே பெருமை பெற்ற சொல். எனினும் பயணச் செலவும் நேரத்துக்கான ஈடும் கொடுக்கப்படும்போது, வறியவனின் தொண்டு எங்கே முடிகிறது, தேவை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது எளிதன்று. கூடக் கொடுத்தால் ஆசை காட்டுதல். குறையக் கொடுத்தால் சுரண்டல்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஊசியை ஐயுற்றதற்கு அறியாமை காரணமென்று கூறுவோர் உளர். அலபாமாவின் ரஸ்கீஜியில் 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்த பின்னரும் சிகிச்சை அளிக்காது, நோய் எவ்வாறு முற்றுகிறதென்று அரசாங்க வைத்தியர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். ஜனாதிபதி கிளின்ரன் அதற்காக மன்னிப்புக் கோரியது 1997 மே 16 ஆம் திகதி. இரண்டு நாள் கழித்து, கறுப்பின மாணவருக்கென நிறுவப்பட்ட மோர்கன் பல்கலைக்கழகத்திலே, பத்தாண்டுகளில் எயிட்ஸ் தடுப்பூசி காணப்படும் என்று அவர் முழங்கினார். அந்த ஐயம் வரலாற்றறிவிலிருந்து பிறந்தது என்பதே என் கருத்து.

பத்தாவது ஆண்டாகிய 2007 இல் வந்தது வேறு செய்தி. மேர்க் கம்பனி சளிக்காய்ச்சல் வைரசொன்றைச் செயலிழக்கச் செய்து, அதனை வாகனமாகக் கொண்டு ஓர் ஊசியை ஆக்கியிருந்தது. சிறு பரிசோதனைகளில் அது தீங்கற்றதாகவே தோன்றிற்று. மூவாயிரம் பேரளவில் நடத்திய 'ஸ்ரெப்' பரிசோதனையோ செப்ரெம்பரில் இடைநிறுத்தப்பட்டது. ஊசி பயன் தரவில்லை. அதுமட்டுமன்று, அச்சளி வைரசுக்கு முன்னரே எதிர்ப்புப் பெற்றிருந்த, சுன்னத்துச் செய்யப்படாத ஆண்களிடையே, ஊசி பெற்றோர்க்குத் தொற்று மிகுந்து காணப்பட்டது. ஊசியால் எவர்க்கும் எச். ஐ. வி. புகுத்தப்படவில்லை, ஆயின் வெளியிலிருந்து வருவதற்கு வாயில் சற்று அகலத் திறந்திருக்கக்கூடும். தென்னாபிரிக்காவில் அதே ஊசி பெறத் தொடங்கியிருந்த 801 பேர் கொண்ட பரிசோதனையும் நின்றது. எவருக்கு எந்த ஊசி கிடைத்தது என்பதை அவர்களிடம் வெளிப்படையாகக் கூறினர். சில பத்துப் பேரிடம் நடத்தும் பரிசோதனை உடனடித் தீங்கைக் காட்டும். ஆயிரவரிடையே நாட்சென்று தோன்றும் தீங்கை அது காட்டமாட்டாது.

நம் அயலிலும் இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் உண்டு. 1986 இல் இந்தியாவில் முதன்முதலாக எச். ஐ. வி. கண்டறியப்பட்டது சென்னையிலே, வைத்தியர் சுனிதி சொலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தனர். குருதியைத் தந்தவர்கள் பாலியற் தொழிலாளராகிய பெண்கள். அவர்களுடைய பெயர்களை எந்நூலும் கூறாது. இருபதாண்டு கழித்து, 2006 சனவரியில், அதே நகரத்துக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் நலமுடைய ஆண்களும் பெண்களும் ஊசிக்குக் கை நீட்டினர். இந்தியாவில் மிகுந்து காணப்படும் வைரசு வகையை அடியொற்றி ஆக்கப்பட்ட ஊசி அது. தீங்கற்றதெனத் தெரிந்தது, எதிர்ப்பும் ஓரளவு தோன்றிற்று. அதற்குமேல் அது செல்லவில்லை.

அதன் பின்னர் தாய்லாந்தில் 16,402 பேரிடம் நடத்திய பரிசோதனை 2009 இல் முப்பத்தொரு வீதப் பாதுகாப்பைக் காட்டிற்று. அவ்வழியைப் பின்பற்றித் தென்னாபிரிக்காவில் 5,407 பேர் முன்வந்தனர். 2020 இல் கணக்குப் பார்த்தபோது ஊசி பெற்றோருள் 129 பேருக்கும், வெற்றூசி பெற்றோருள் 123 பேருக்கும் தொற்றியிருந்தது. இன்றைய புதுமுறை ஊசிகள் மீண்டும் சிறு பரிசோதனைக் கட்டத்திலிருந்தே தொடங்கியுள்ளன; அவற்றுட் சிலவற்றிலே பங்குபற்றியோர் சிலருக்குத் தோலிலே தடிப்பு ஏற்பட்டமை மறைக்கப்படாமல் அறிக்கையில் எழுதப்பட்டது. தென்னாபிரிக்க அறிஞர்கள் தாமே தலைமை தாங்கி, ஆபிரிக்க மண்ணிலே தொடங்க இருந்த அத்தகைய முதற்கட்டப் பரிசோதனை 2025 இன் தொடக்கத்தில் ஆயத்தமாயிருந்தது. அதற்கான பணம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்திடமிருந்து வருவது. அவ்வுதவி நிறுத்தப்பட்டபோது, முதல் ஊசி ஏற்றப்படுமுன்னரே பரிசோதனையும் நின்றது.