ஓரத்தை வெட்டலாம், உள்ளே கை வைக்கக் கூடாது

எந்தப் போட்டோ போட்டி அறிவிப்பை எடுத்தாலும் கடைசியில் பொடி எழுத்தில் நாலு வரி இருக்கும். நீளமான பக்கம் 1200 பிக்சல், விகிதம் 3:2, ஃபைல் இத்தனை கே.பி.க்கு மிகாமல், இத்யாதி. நாக்பூரில் எங்கள் காலனித் தமிழர்கள் பொங்கலுக்குப் பொங்கல் நடத்தும் போட்டியிலும் இதே கதைதான். அந்த நாலு வரியைப் படித்ததுமே பாதிப் பேர் "இது நமக்கு ஆகாதுப்பா" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

நான் பி.காம். படித்து பேங்கில் லெட்ஜரோடு குப்பை கொட்டுபவன். போட்டோகிராபி நிபுணன் எல்லாம் இல்லை. ஆனால் எண் என்று வந்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடமாட்டேன், தொழில் புத்தி அப்படி! அப்படித் தேடிப் போனதில் கிடைத்த சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் நம்ம ஊர். 1858ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் போனார். அந்தக் காலத்தில் நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அந்த அளவுதான். நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்து வெயிலில் காட்டி அச்செடுப்பார்கள். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய காமிராவைத்தான் மாட்டுவண்டியில் ஏற்ற வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை ஒரே படத்தில் அடக்க முடியவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? 21 படங்களாக எடுத்து வரிசையாக ஒட்டினார். மொத்த நீளம் 19 அடிக்கு மேல்! நாம் சட்டத்துக்குள் அடக்கப் படத்தை வெட்டுகிறோம். அவர் சட்டம் போதாமல் படத்தை வளர்த்தார்.

சரி, இந்த 3:2 எங்கிருந்து வந்தது? இதில் கலைநயம் ஒன்றும் பெரிதாக இல்லை, மிச்சம் பிடித்த கதைதான். அமெரிக்காவில் எடிசனின் ஆய்வகத்தில் டிக்சன் என்பவர் சினிமாக் கருவி செய்துகொண்டிருந்தார். ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மி.மீ. ஃபிலிமை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார்கள். 35 மி.மீ. ஃபிலிம் பிறந்தது. அதில் ஒரு சினிமாக் கட்டம் 24க்கு 18 மி.மீ., அதாவது 4:3. பிறகு ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால், அதே சினிமா ஃபிலிமில் போட்டோ எடுக்க ஒரு குட்டிக் காமிரா செய்தார். கட்டம் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று ஃபிலிமைக் குறுக்கே ஓடவிட்டு, 18ஐ இரட்டிப்பாக்கினார். 24க்கு 36. அதுதான் 3:2. 1925ல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஸ்டூடியோவில் கழுவி வாங்கிய 6க்கு 4 அங்குலப் படங்கள் எல்லாம் அந்த விகிதத்தின் வாரிசுகள்.

பழைய 4:3 செத்துப்போகவில்லை. சினிமாவிலிருந்து டி.வி. பெட்டிக்குப் போனது, அங்கிருந்து 640க்கு 480 கம்ப்யூட்டர் திரைக்கு, அங்கிருந்து சின்ன டிஜிட்டல் காமிராக்களுக்கும் இன்றைய செல்போனுக்கும். செல்போனில் எடுத்த படத்தை 3:2 போட்டிக்கு அனுப்பும்போது நாம் படும் பாடு, ஒரு ஃபிலிம் குடும்பத்துப் பங்காளிச் சண்டை. அவ்வளவுதான் :)

நெகட்டிவ் சின்னதானதும் படத்தைப் பெரிதாக்கும் எந்திரம் அவசியமாகிவிட்டது. பெரிதாக்கும்போதே வேண்டாத ஓரத்தை விட்டுவிடலாம் அல்லவா? அங்கேதான் 'க்ராப்' செய்வது அன்றாட வேலையானது. கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் என்ற பிரெஞ்சு மேதை, எடுத்த படத்தை வெட்டவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர். ஆனால் 1932ல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டும் அவருடைய புகழ்பெற்ற படம் வெட்டிய படம்தான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததில் ஒரு ஓரத்தைப் பலகை மறைத்துவிட்டது. டி-ஷர்ட்டில் பார்க்கும் சே குவேராவும் அப்படியே. 1960 மார்ச் 5ல் ஹவானாவில் கோர்டா எடுத்த அசல் படத்தில், ஒரு பக்கம் வேறொருவரின் பக்கவாட்டு முகமும் மறுபக்கம் மரத்து ஓலைகளும் இருக்கின்றன. இரண்டையும் வெட்டியபின் நின்றதுதான் உலகம் அறிந்த முகம்.

அடுத்தது பிக்சல். 1957ல் அமெரிக்க அரசின் அளவை நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், தன் 3 மாதக் குழந்தையின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். 176க்கு 176, மொத்தம் 30,976 புள்ளிகள். இன்று ஒரு சாதாரண செல்போன் படம் 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். இத்தனையையும் சில எம்.பி.க்குள் அடக்கும் ஜேபெக் முறை 1992ல் தரமாக்கப்பட்டது. அதன் அடிப்படைக் கணக்கைச் சொன்ன 1974 ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: என். அஹ்மத், டி. நடராஜன், கே.ஆர். ராவ். மூன்றுமே நமக்குப் பழகிய பெயர்கள்! பெங்களூரில் பிறந்த நாசிர் அஹ்மத் 1972ல் இதற்காக அமெரிக்க அறிவியல் நிதி அமைப்பிடம் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்வதுதான் சூட்சுமம். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் 200க்கு 230 பிக்சல் போட்டோவை 20 முதல் 50 கே.பி.க்குள் கொடு என்று கேட்டு வந்தார்களே, அந்த வேலையைச் செய்து கொடுப்பது இந்தக் கணக்குதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெட்டுவதற்கு எல்லை எது?

2010ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் உக்ரைன் புகைப்படக்காரர் ஸ்டெபான் ருதிக்கின் தெருச்சண்டைப் படத்தொடர் மூன்றாம் பரிசு பெற்றது. பிறகு அசல் ஃபைலைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டார்கள். ஒரு படத்தில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, கட்டுப் போடும் கையை மட்டும் வைத்திருந்தார். கலரைக் கறுப்பு வெள்ளையாகவும் மாற்றியிருந்தார். பரிசு பறிபோனது. ஆனால் அத்தனை வெட்டியதற்காக இல்லை! கைக்குப் பின்னால் துளியூண்டு தெரிந்த இன்னொருவரின் காலை அழித்திருந்தார். அதற்காகத்தான்.

முக்கால் படத்தை வெட்டினால் குற்றமில்லை, இத்துனூண்டு காலை அழித்தால் குற்றமா என்று சிலர் கேட்பார்கள். பேங்க்காரனுக்கு இது உடனே புரியும். 1891ம் வருஷத்து வங்கிப் புத்தக சாட்சியச் சட்டப்படி, லெட்ஜரை மூட்டை கட்டிக் கோர்ட்டுக்கு எடுத்துப் போகாமல், வேண்டிய பதிவுகளை மட்டும் நகலெடுத்துச் சான்றளித்துக் கொடுக்கலாம். ஆயிரம் பக்கத்தில் பத்து வரி. அது க்ராப். ஆனால் அந்தப் பத்து வரிக்கு நடுவே ஒரு பதிவைச் சுரண்டிவிட்டால்? ஒரு ரூபாயாக இருந்தாலும் மோசடிதான். ஓரத்தை வெட்டியவன் "இவ்வளவுதான் காட்டுகிறேன்" என்கிறான். உள்ளே அழித்தவன் "இங்கே எதுவுமே இல்லை" என்கிறான். முன்னது தேர்வு, பின்னது பொய்.

நம் வீடுகளில் இரண்டுமே நடந்திருக்கின்றன. மாலை போட்ட தாத்தா படம் பல வீடுகளில் ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டியதுதான். பக்கத்தில் நின்றவரின் தோளை ஸ்டூடியோக்காரர் தூரிகையால் மறைத்து, தாத்தாவுக்கு ஆயுளில் போடாத கோட்டையும் மாட்டிவிடுவார். பாசத்துக்குச் செய்தது, யாரும் கேஸ் போடப்போவதில்லை. ஆனால் அந்த குரூப் போட்டோவையே தூக்கிப் போட்டுவிட்டால் அந்தத் தோள் யாருடையது என்று நம் பிள்ளைகளுக்கு என்றைக்கும் தெரியாது. ஊரைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வளரும் பிள்ளைகள், கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் பெரியப்பா, அத்தை யாரும் கிடையாது.

எனவே போட்டிக்கு அனுப்புகிறவர்களுக்கு என் சிபாரிசு:

1. முதல் வேலை, படத்தை நகலெடுங்கள். அசல் மேல் கை வைக்காதீர்கள். பெரிய போட்டிகளில் அதைக் கேட்பார்கள்.

2. முதலில் வெட்டு, பிறகு சுருக்கு. 4000க்கு 3000 படத்தை 3:2 ஆக்க 4000க்கு 2667 என்று வெட்ட வேண்டும். 333 வரிசை போகும், உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. வானத்தில் வெட்டுவதா, தரையில் வெட்டுவதா என்பது உங்கள் தீர்மானம். அதன்பிறகு 1200க்கு 800 ஆகச் சுருக்குங்கள்.

3. வெட்டாமல் இழுத்துப் பொருத்தாதீர்கள். ஒல்லியான மாப்பிள்ளைகூட தொப்பையோடு வருவார்.

4. சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் எண்ணிக்கைதான் கூடும், போன விவரம் திரும்பாது.

5. ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, வெட்டாத படம் பத்திரமாக இருக்கட்டும். இன்றைக்கு வேண்டாம் என்று ஓரத்தில் விட்ட ஆளை, இருபது வருஷம் கழித்து வீட்டில் யாராவது தேடுவார்கள்.