கணவாய் வழி வந்த தேறல்

திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருஷம், அதாவது 1800-ல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கட்டளைப்படி தென்னாட்டுப் பிரதேசங்களைச் சுற்றிப் பார்த்துவந்த பிரான்ஸிஸ் புக்கானன் என்ற வைத்தியர் பொள்ளாச்சிக்கு வந்தபோது, ஒரு பானை நிறைய ரோமாபுரி வெள்ளிக்காசுகள் அங்கே அகப்பட்ட செய்தியைக் குறித்துக்கொண்டார். கலெக்டர் ஹர்டிஸ் அவற்றில் ஆறு காசுகளை அவருக்கு அளித்தார். அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு சக்கரவர்த்திகளின் முகம் பொறித்த அவை, ஒவ்வொன்றும் ஆங்கிலேயர் தராசில் 56 கிரெயின் எடை இருந்தன. பின்னர் அவர் ஆனைமலைக்கு வந்தார். மலையாள தேசத்துக்குப் போவோர் வருவோர் வழக்கமாக மிதிக்கும் வழியில் இருக்கும் ஊர் என்று அதைப் பற்றி எழுதினார்.

அந்த வழி அவர் காலத்துக்குப் பதினேழு நூற்றாண்டுகள் முந்தியது. மேற்குத்தொடர் மலை வாய்விட்டுப் பிளந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே, மேலைக் கடற்கரையின் முசிறித் துறையில் இறங்கிய யவனர் (கிரேக்க, ரோமர்) சரக்கு கொங்குநாட்டுக்குள் புகுந்தது. வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் மண் கக்கிய காசுகள் அதற்குச் சாக்ஷி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்த ஒரு கிரேக்க வியாபாரி எழுதிவைத்த ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கு வரும் பதார்த்தங்களை எண்ணும்போது, நாணயம் ஏராளம் என்கிறது. திராட்சை மதுவையும் சொல்லிவிட்டு, அது அதிகமில்லை என்று கையைச் சுருக்கிக்கொள்கிறது. மிளகுக்கு விலை வெள்ளி. மதுவோ அபூர்வ வஸ்து.

எத்தகைய மது அது? அக்காலத்து ரோமர் தலைக்குமேல் வைத்துக் கொண்டாடியது நேப்பிள்ஸுக்கு வடக்கே விளைந்த ஃபலேர்னியம் என்னும் வெள்ளை மது. நாள்பட நாள்பட அம்பர் நிறம் கொள்ளும் இதில், இனிப்பற்றது, இனிப்பானது, மெல்லியது என மூன்று வகை உண்டென்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். தண்ணீர் கலவாமல் குடிப்பவனை அவர்கள் அநாகரிகன் என்றார்கள். வேனிற்காலத்தில் செல்வர் பனிக்கட்டியும் சேர்த்தார்கள். மது ஏறிவந்த சாடி வேடிக்கையானது: இரண்டு காது, நீண்ட கழுத்து, கூரிய அடி, உள்ளே மரப்பிசின் பூச்சு. தரையில் தானாக நில்லாது. கப்பலின் வயிற்றில் ஒன்றன் தோளில் ஒன்றாகச் சாய்த்து அடுக்குவதற்கென்றே வனைந்தது. 1945-ல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்த மார்டிமர் வீலருக்கு இச்சாடியின் ஓடுகள் கிடைத்தன. முசிறி என்று பலர் கருதும் பட்டணம் என்ற ஊரிலும் பின்னர் ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

சாடி ஓடுகளையும் காசுகளையும்விடத் தெளிவான தடயம் புறநானூற்றில் இருக்கிறது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர நாளும் மகிழ்வாயாக என்கிறார். அம்மதுவுக்கு அவர் தந்த பெயர் தேறல். தேறியது, அதாவது தெளிந்தது. குளிர்ச்சியையும் மணத்தையும் சொன்னாரேயன்றி, இனிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனிப்பற்ற வெள்ளை மதுவைக் குளிரவைத்து, மெல்லிய கிண்ணத்தில் ஊற்றி, முதலில் முகர்ந்து பிறகு பருகும் இக்காலத்து ரசிகன் நாடுவதும் அவ்விரண்டைத்தான். புலவரின் நாக்கு பழுதற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நக்கீரர் பெயரால் வழங்கும் திருமுருகாற்றுப்படையில் இன்னொரு தேறலும் உண்டு: கானவர், நெடிய மூங்கிற் குழாயில் விளையவைத்துச் சுற்றத்தோடு உண்ட, தேனாற் செய்த கள். யவனன் மண்சாடியில் செய்ததை மலைவாசி மூங்கிலில் செய்துகொண்டான். கப்பலும் வேண்டியதில்லை, வெள்ளியும் வேண்டியதில்லை. ஆனைமலைக் காட்டில் மூங்கிலுக்குக் குறைவில்லை. அங்குள்ள காடர் தேனெடுப்பதில் இன்றும் கைதேர்ந்தவர்கள்.

மலையடிவாரத்துத் தோப்புகளில் தென்னம்பாளை தரும் வெண்ணிறக் கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. எல்லைக்கு அப்பால், கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்தில் கள்ளுக்கடைக்குத் தடையில்லை. ஆதலால் மது கிழக்கே வந்த அதே கணவாய் வழியில், ஆனைமலைக்காரர் சிலர் சாயங்காலமானால் மேற்கே போகிறார்கள்.