குடிநோய் மீட்பில் அன்றாடப் பழக்கங்கள்

குடிநோய் மீட்பில் அன்றாடப் பழக்கங்கள் என்பது மதுவுக்கு அடிமையான ஒருவர், குடியை நிறுத்திய பின் அதற்குத் திரும்பாதிருக்கும் பொருட்டு உணவு, உறக்கம், வேலை, மாலைப்பொழுது ஆகியவற்றை ஒழுங்குபடுத்திக் கொள்வதைக் குறிக்கும். உடலிலிருந்து மது நீங்கச் சில நாட்களே போதும். குடிக்கென இருந்த நேரத்தை வேறொன்றால் நிரப்பவோ பல மாதங்கள் ஆகும்.

நிறுத்தும் முறை

நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. முதல் நாளில் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின், ஏறத்தாழ 4 ஆம் நாள் வரை, சிலருக்குக் கடும் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காணும் நிலையும் ஏற்படும். இது உயிரையும் பறிக்கக்கூடும். கோயிலில் கயிறு கட்டி மதுவை நிறுத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அவ்வுறுதி பயனுள்ளதே, ஆனால் கயிறு கட்டியவரும் நடுக்கம் கண்டவுடன் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மிகுகுடியால் உயிர்ச்சத்து பி1 குறைந்து மூளை பாதிக்கப்படலாம் என்பதால், மருத்துவர்கள் தொடக்கத்திலேயே அதை ஊசியாகவோ மாத்திரையாகவோ தருகின்றனர். பின்னர் வேளை தவறாத உணவு முக்கியமாகிறது. பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடிவேட்கையைத் தூண்டுபவை என மீட்புக் குழுக்களில் கற்பிக்கப்படுகிறது.

கரிசல் வட்டாரத்தில்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் பகுதிகள் மானாவாரிக் கரிசல் நிலங்கள். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுவடை முடிந்தால், அடுத்த விதைப்பு வரை காட்டில் வேலை குறைவு. சீமைக் கருவேல் வெட்டுதல், கரிமூட்டம், தீப்பெட்டி ஆலை வேலை ஆகியவை இடைக்காலப் பிழைப்பு. ஆகவே இங்கு மீட்பில் உள்ளவருக்கு இடர் தருபவை இரண்டு: வேலையற்ற கோடை மாலையும், கையில் பணம் புரளும் கூலி நாளும்.

நகரத்தாருக்கென எழுதப்பட்ட நூல்கள் கூறும் உடற்பயிற்சிக் கூடம் போன்றவை இவருக்கு அதிகம் உதவா. கூலியை வீட்டார் கையில் சேர்ப்பது, மதுக்கடை இல்லாத வழியே வீடு திரும்புவது, இருட்டும் முன் உண்பது ஆகியவை செலவில்லாதவை. நாலைந்து ஆடுகள் வளர்ப்பதும் நல்ல வழி. பொழுது சாயும் வேளையில் அவற்றைப் பட்டியில் அடைக்க ஆள் வீட்டில் இருந்தே ஆகவேண்டும்!

மீட்பு முயற்சிகள்

சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைச் சாந்தி ரங்கநாதன் 1980 இல் நிறுவினார். அவருடைய கணவர் குடிநோயால் இறந்தவர். 1992 இல் சாந்திக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. இவ்வமைப்பு இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 1989 முதல் சிகிச்சை முகாம்கள் நடத்தியது. நோயாளி தன் ஊர்ப்புறத்திலேயே சிகிச்சை பெறுவதால், குடும்பத்தாரையும் ஊராரையும் தொடர் கண்காணிப்பில் ஈடுபடுத்த முடிந்தது.

மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் மீட்பு முற்றிலும் முறிந்தது எனக் கொள்ளல் தவறு. குடிநோயில் இது அடிக்கடி நிகழ்வதே. தாமதமின்றிச் சிகிச்சைக்குத் திரும்பவேண்டும். இந்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446.