நாற்காலியை விட்டு எழுந்தவர்

இன்று நம் குடும்பங்களில் எம்.பி.ஏ. படித்த பிள்ளையோ பெண்ணோ ஒருவராவது இருக்கக் காண்கிறோம். நான் பி.எஸ்ஸி. முடித்து அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில், ஹெட் கிளார்க் சொல்லிக்கொடுத்த நோட்டிங், டிராஃப்டிங்தான் எனக்கு நிர்வாகப் பாடம். ஓய்வு பெற்றபின் அந்தப் படிப்பின் வரலாற்றை ஆவலுடன் படித்தேன்.

அமெரிக்காவில் வார்ட்டன் 1881-லும், ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-லும் தோன்றின. சுதந்திரத்திற்குப்பின் நம் நாட்டில் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தபோது, அவற்றை நடத்தத் தேர்ந்த நிர்வாகிகள் தேவைப்பட்டனர். 1961 நவம்பரில் கல்கத்தாவிலும், டிசம்பரில் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். தொடங்கப்பட்டது. முன்னதற்கு எம்.ஐ.டி.யும், பின்னதற்கு ஹார்வர்டும் துணை நின்றன. ஃபோர்டு அறக்கட்டளை நிதி உதவியது. பல்கலைக்கழகத்தின் கீழ் வராமல் சங்கமாகப் பதிவானதால் டிப்ளமோ மட்டுமே தர முடிந்தது. பட்டம் வழங்கும் அதிகாரம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. ஆனால் பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் சுதந்திரம் முதலிலேயே இருந்தது.

அகமதாபாத்தில் முதலில் கௌரவ டைரக்டராக இருந்தவர் விஞ்ஞானி விக்ரம் சாராபாய். 1965-ல் முழுநேர டைரக்டராக வந்தவர் ரவி மத்தாய். முன்னாள் நிதியமைச்சர் ஜான் மத்தாயின் புதல்வர். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நிறுவனத்தை நன்கு நிலைநிறுத்தியபின் 1972-ல் தாமாகவே பதவியிலிருந்து விலகினார். சாமுவேல் பால் பொறுப்பேற்க, மத்தாய் அங்கேயே பேராசிரியராகத் தொடர்ந்தார். பின்னர் ராஜஸ்தானில் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குச் சென்று, நெசவாளர்களும் தோல் தொழிலாளர்களும் தங்கள் தொழிலைத் தாங்களே நடத்திக்கொள்ளப் பாடுபட்டார்.

திறமையுள்ளவர் ஏன் விலக வேண்டும் என்று கேட்கலாம். ஒருவரையே நம்பி நிற்கும் நிறுவனம் அவரோடு தளர்ந்துவிடும். அடுத்தவர் வளரவும் இடமிராது. பதவி நீட்டிப்புக்காகப் படியேறி இறங்கியவர்களை என் உத்தியோக காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். நேற்றுவரை தமக்குக் கீழிருந்தவர்களோடு சமமாக அமர்ந்து வேலை செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்?

நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் இது பொருந்தும். வருஷக்கணக்காக ஒரே கையில் இருக்கும் கணக்கு நோட்டை இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கேட்டால் மட்டும் யோசனை சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்ப்போமே.