பழைய டிராக்டரில் புகைக்குழாய் இணைப்பு கசிகிறதா? முந்திரித் தோப்பில் இறக்கும் முன் சரிசெய்யுங்கள்

காடாம்புலியூர், பண்ருட்டி பகுதியில் மாசி முதல் சித்திரை வரை முந்திரித் தோப்புகளில் காய்ந்த சருகு மண்டிக் கிடக்கும். அந்தச் சருகில் பழைய டிராக்டரை இறக்கும்போது, இன்ஜின் ஹெட்டும் மேனிபோல்டும் சேரும் இடத்தில் புகை கசிந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. சூடான புகையும் தீப்பொறியும் பக்கவாட்டில் அடித்தால் சருகு பற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் டீசல் ஓஸ், ஒயர் இருந்தால் அவையும் கருகும். ஓட்டுபவர் நாள் முழுக்கப் புகையைச் சுவாசிக்க நேரிடும். டர்போ இல்லாத பழைய இன்ஜினில் இதனால் இழுவை பெரிதாகக் குறையாது. "ஓடுதே, போதும்" என்று பலர் விட்டுவிடுவது அதனால்தான்.

1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் 1035 போன்ற பழைய வண்டிகளுக்கு பேக்கிங் இன்றும் கிடைக்கிறது.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து கவனியுங்கள். 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டு, சூடேறியதும் குறைந்தால் கசிவு என்று சந்தேகிக்கலாம். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதுதான் காரணம். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும் அடையாளம். டீசல் ஒழுகல் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஊதுவத்தியை அருகில் காட்டினால் கசியும் இடத்தில் அதன் புகை சிதறும். கையை வைத்துப் பார்க்காதீர்கள்.

கழற்றுவதற்கு முந்தின இரவே நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். ரிங் ஸ்பேனர் போட்டு, கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் முறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகினால் ஸ்டட் முறிந்து ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்; பேக்கிங் விலையைவிட அந்தச் செலவு அதிகம்.

பழைய பேக்கிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதனால் தண்ணீரில் நனைத்துச் சுரண்டுங்கள், காற்றடித்து ஊதாதீர்கள். துகள் உள்ளே விழாமல் ஓட்டைகளில் துணி அடைத்து, வேலை முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். மேனிபோல்டு முகத்தில் நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அது வளைந்திருக்கிறது. பட்டறையில் மட்டம் செய்யாமல் புது பேக்கிங் போட்டால் சீக்கிரமே மறுபடி கசியும். வெடிப்பு இருந்தால் மேனிபோல்டையே மாற்றுவது நல்லது; வார்ப்பிரும்பில் வெல்டிங் நிற்பது அரிது.

சாதாரண சிலிக்கான் பசையையும் எம்-சீலையும் இங்கே நம்ப வேண்டாம். பாரம் இழுக்கும்போது புகையின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தொடலாம், அவை கருகிவிடும்.

பழைய பேக்கிங்கை மறுபடி போடாதீர்கள். புதியதை வைத்து நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று தடவையாக முறுக்குங்கள். அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பித்தளை நட் கிடைத்தால் அதையே போடுங்கள், அடுத்த முறை எளிதாகக் கழலும். இன்ஜினை அரை மணி நேரம் ஓட விட்டு, முழுதாக ஆறிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள். சைலன்சர் கிளாம்பையும் அப்போதே பாருங்கள். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், மாற்றிய பிறகே வண்டியைத் தோப்புக்குள் எடுங்கள்.