கதர் கொடியும் பாலியஸ்டர் கொடியும்

போன வாரம் வீடு மாத்தினோம். பரண்ல இருந்த அட்டைப்பெட்டியைப் பிரிச்சா, பழைய மோடம், சார்ஜர் வயர்களுக்கு நடுவுல ஒரு தேசியக்கொடி! 2022 ஆகஸ்ட்ல வீட்டுக்கு வீடு கொடி ஏத்தச் சொன்னப்போ வாங்கினது. ஓரமெல்லாம் பிரிஞ்சு, பச்சை வெளுத்துப் போயிருந்துச்சு. குப்பையில போட மனசு வரல. "இதை என்னடா பண்றது?"ன்னு அம்மா கேட்டாங்க. விடை தேடப் போய் மூணு ராத்திரி தூக்கம் போச்சு. அந்தக் கதைதான் இது.

1921-ல பெஜவாடாவில (இன்னிக்கு விஜயவாடா) பிங்கலி வெங்கையா ஒரு கொடியை காந்திகிட்ட காட்டினார். சிவப்பு, பச்சைன்னு ரெண்டே நிறம். மத்த சமூகங்களுக்காக வெள்ளையையும், நடுவுல ராட்டையையும் சேர்க்கச் சொன்னார் காந்தி. 1931-ல சிவப்பு போய் காவி வந்தது. நிறங்களுக்கு மத அர்த்தம் கிடையாதுன்னு காங்கிரஸ் அப்பவே தெளிவா சொல்லிடுச்சு. ராட்டை மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த வருஷமே, 1932 ஜனவரியில, திருப்பூர் ஊர்வலத்துல போலீஸ் தடியடி. மண்டை உடைஞ்சும் குமரன் கொடியை விடல. ஜனவரி 11 அன்னிக்கு உயிர் போச்சு. 'கொடி காத்த குமரன்'னு பாடத்துல படிச்சு மார்க் வாங்கியாச்சு. ஆனா அப்போ அவருக்கு வயசு 27-தான்னு இப்பதான் கவனிச்சேன். எனக்கு 28. கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன்.

1947 ஜூலை 22, அரசியல் நிர்ணய சபையில நேரு தீர்மானம் கொண்டு வந்தார். ராட்டை இருந்த இடத்துக்கு சாரநாத் அசோகச் சக்கரம் வந்தது, 24 ஆரங்களோட. ராதாகிருஷ்ணன் கொடுத்த விளக்கப்படி காவி பற்றின்மை, வெள்ளை உண்மையின் பாதை, பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. சக்கரம் தர்மம், அதோட ஓயாத இயக்கம். படத்துல இருந்து ராட்டை போனாலும் துணியில இருந்து போகல. கையால நூற்று, கையால நெய்த கதர்லதான் கொடி இருக்கணும்னு விதி வச்சாங்க.

ஆனா பாருங்க, குமரன் உயிரைக் கொடுத்த கொடியை சுதந்திர இந்தியாவுல சாமானியன் நினைச்ச நாள்ல ஏத்த முடியாது! சில குறிப்பிட்ட நாட்கள்ல மட்டும்தான் அனுமதி. ராய்கர்ல தன் தொழிற்சாலையில கொடி பறக்க விட்ட நவீன் ஜிண்டாலை அதிகாரிங்க தடுக்க, அவர் கோர்ட்டுக்குப் போனார். 1995-ல டெல்லி உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அரசாங்கம் மேல்முறையீடு பண்ணுச்சு. 2002 ஜனவரி 26-ல புதுக் கொடி விதிகள் வந்து எல்லா நாளும் ஏத்தலாம்னு ஆச்சு. 2004-ல உச்சநீதிமன்றமும் மரியாதையோட கொடி ஏத்துறது குடிமகனோட அடிப்படை உரிமைன்னு சொல்லிடுச்சு. கட்டுப்பாடுகள் உண்டு, ஆனா உரிமை உரிமைதான்.

2021 டிசம்பர்ல இன்னொரு திருத்தம். மெஷின்ல செஞ்ச கொடியும் பாலியஸ்டரும் ஓகே. 2022 ஜூலையில, ராத்திரியும் பறக்கலாம்னு வந்தது. விலை குறைஞ்சா எல்லார் வீட்டுக்கும் கொடி போகும், நியாயம்தான். நானே அப்படி வாங்கினவன்தானே! ஆனா ஹூப்ளியில கதர் கொடி தைக்கிறவங்க பொழப்புல அது விழுந்த அடி. 1947-ல படத்தை விட்டுப் போன ராட்டை, 2021-ல துணியை விட்டும் போக வழி பண்ணிட்டோம்.

சரி, அம்மா கேள்விக்கு வர்றேன். பழுதான கொடியைத் தனிமையில, முழுசா, மரியாதையோட அழிக்கணும். எரிக்கிறது நல்லதுன்னு விதியே சொல்லுது. மொட்டைமாடியில நானும் அம்மாவும் மட்டும் நின்னு பத்த வச்சோம். கதரா இருந்திருந்தா சாம்பலாயிருக்கும். இது உருகி, சொட்டி, கருப்பா ஒரு கட்டியா தரையில ஒட்டிக்கிச்சு. சுரண்டி எடுக்கவே அரைமணி நேரம் ஆச்சு.

அடுத்த ஆகஸ்டுக்கு கதர்க் கொடிதான். காசு கூட ஆனாலும் பரவாயில்ல.