பாலும் பசுவின் தீனியும்

நம் இல்லங்களில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் ஒரு செய்கையை முதற்கண் நேயர்களுக்கு நினைவூட்டுவாம். நிலக்கடலையைப் புடைக்கும் தாய், பூசணம் பிடித்துக் கறுத்த பருப்பைக் கண்டால், அதனைத் தன் பிள்ளையின் வாயிற் படாதவாறு பொறுக்கி ஒதுக்கிவிடுகிறாள். ஒதுக்கிய பருப்பு குப்பைக்குப் போவதில்லை. மாட்டின் கழுநீர்த் தொட்டிக்குப் போகின்றது. கட்டிதட்டிப்போன தவிடும், மழையில் நனைந்து நாறிய பிண்ணாக்கும் அங்ஙனமே தொட்டியைச் சேர்கின்றன. வாயில்லாச் சீவன் எதையும் தின்று செரித்துக்கொள்ளும் என்பது நம்மவர் எண்ணம். மறுநாட் காலையில் அப்பசுவின் பாலையே காய்ச்சி அத்தாய் தன் பிள்ளைக்குப் புகட்டுகின்றாள். பிள்ளைக்கு ஆகாதென்று கையால் விலக்கிய பொருள், பசுவின் உடல் வழியே சுற்றிவந்து அப்பிள்ளையின் கிண்ணத்திற்கே மீளக்கூடுமோ? இவ்வியாசத்தில் நாம் ஆராயப்புகுந்த வினா இதுவே.

நம் சங்கத்தாருள் கறவை வைத்துப் பிழைப்போர் உளர். பிண்ணாக்கும் தவிடும் விற்போர் உளர். பால் வாங்கும் குடும்பத்தாரோ மிகப் பலர். ஆதலின் இவ்வினா நம் அனைவர்க்கும் உரியதாம். இதற்குரிய விடையைப் பிற தேசத்தார் பெரும் விலை கொடுத்துக் கற்றனர். அவர்தம் சரித்திரத்தை ஒருவாறு அறிந்துகொண்டு பின்னர் நம் ஊருக்கு வருவாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சார்ந்த நியூயார்க்கு நகரம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிக விரைவாகப் பெருகிற்று. மேய்ச்சல் நிலங்கள் வீடுகளாயின. தொலைவிலிருந்து பாலைக் கெடாமற் கொணரும் ஏற்பாடுகள் செவ்வனே அமையாத காலம் அது. அந்நகரிலும் அதனையடுத்த புரூக்ளினிலும் தானியத்தைப் புளிக்கவைத்துச் சாராயம் காய்ச்சும் ஆலைகள் பல இருந்தன. சாராயம் வடித்தபின் எஞ்சும் தானியக் கழிநீரை வீணே கொட்டுவானேன் என்று கருதியவர்கள், ஆலைகளை ஒட்டித் தொழுவங்களைக் கட்டினர். சூடு ஆறாத அக்கழிநீர் மரக்கால்வாய் வழியே பசுக்களின் தொட்டிகளுக்கு ஓடிற்று. நூற்றுக்கணக்கான பசுக்கள் நெருக்கமாகக் கட்டப்பெற்று, பசும்புல்லைக் காணாமல், நடமாட்டமின்றித் தம் சாணத்தின்மேலேயே நின்றன. அவற்றின் பற்கள் கெட்டு உதிர்ந்தன; உடலெங்கும் புண் கண்டது; வால்கள் அழுகி அற்றன. எழுந்து நிற்கமாட்டாத பசுவையும் வாரிட்டுத் தூக்கி நிறுத்திக் கறந்தனர்.

அங்ஙனம் கறந்த பால் நீலம் பாய்ந்து நீர்த்திருந்தது. அதனை வெண்மையும் தடிப்பும் உடையதாகக் காட்டச் சுண்ணப்பொடியும் மாவும் கலந்தனர். பின்னர், 'தூய நாட்டுப்புறப் பால்' என்று எழுதிய வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாக விற்றனர். ஏழைகளின் பிள்ளைகள் அதனைப் பருகி வயிற்றுக்கழிச்சலால் மாண்டனர். இராபர்ட் ஹார்ட்லி என்பார் 1842-இல் பாலைக் குறித்து ஒரு நூல் எழுதி, இத்தொழுவங்களின் பாலும் குழந்தை மரணமும் தம்முள் தொடர்புடையன என்று நாட்டினார். கேட்டவர் சிலரே. பதினாறு ஆண்டுகட்குப் பின்னர், 1858-இல், பிராங்க் லெஸ்லி என்னும் பத்திராதிபர் தம் சித்திரப் பத்திரிகையில் அத்தொழுவங்களை உள்ளவாறே படம் வரைவித்து வாரந்தோறும் வெளியிட்டபோதுதான் நகரம் விழித்தது. அப்போதும் நகரசபையார் அமைத்த விசாரணைக் குழுவில் ஆலைக்காரர்க்கு அரணாக நின்றோர் இருந்தனர். பால் தீங்கற்றது என்றே அவர்கள் முடிவு கூறினர். ஆயினும் ஜனங்களின் கொதிப்பு அடங்கவில்லை. 1862-இல் அம்மாகாணத்தார் இத்தகைய பாலைத் தடுக்கச் சட்டம் இயற்றினர். ஹார்ட்லி நூல் எழுதியதற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் புதைத்த பிள்ளைகளை மீட்பார் யார்?

இங்கு ஒரு நுட்பத்தை நேயர்கள் கருதல்வேண்டும். தானியக் கழிவு தன்னளவில் விஷமன்று. உலர்த்தியும் அளவறிந்தும் புல்லோடும் வைக்கோலோடும் கொடுக்குமிடத்து அது நல்ல தீனியேயாம். இன்றும் பல தேசங்களில் அங்ஙனம் வழங்கப்படுகின்றது. அதனை மட்டுமே சூட்டோடு ஊற்றி, பசுவை அழுக்கில் அடைத்துவைத்ததே நியூயார்க்கில் நேர்ந்த கேடு. நலிந்த பசுவும் அழுக்குத் தொழுவமும் சேர்ந்து பாலை நோய்க்கிருமிகளின் இருப்பிடமாக்கின. பிற்காலத்தில் பாஸ்டியர் முதலான விஞ்ஞானிகள் கிருமிகளின் இயல்பை விளக்கியபின், அக்கேட்டிற்கு மருந்து அகப்பட்டது. 1893-இல் நேதன் ஸ்ட்ராஸ் என்னும் வணிகர் நியூயார்க்கு ஏழைகளுக்காகச் சூடேற்றிய பால் வழங்கும் நிலையங்களைத் தொடங்கினார். 1908-இல் சிகாகோ நகரத்தார் பாலைச் சூடேற்றியே விற்கவேண்டும் என்று விதித்தனர். அதுமுதல் குழந்தைகள் பலர் பிழைத்தனர்.

இதனால் பாலைக் காய்ச்சினாற் போதும், பசு எதைத் தின்றாலென்ன என்னும் நம்பிக்கை ஊன்றிற்று. நம் நாட்டிலும் பாலைக் காய்ச்சிக் குடிப்பது தொன்றுதொட்ட வழக்கம். அது பேணத்தக்க நல்வழக்கமே. ஆனால் தீ கிருமியைக் கொல்லுமே யன்றி எல்லா நஞ்சையும் எரித்துவிடாது. அதனை உணர்த்தியவை 20-ஆம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள். காலமுறை சற்றே பிறழினும், நமக்கு மிக நெருங்கியதனை இறுதியில் வைத்துக் கூறுவாம்.

1973-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், கறவை மாடுகளின் தீனியிற் சேர்க்கும் மக்னீசியச் சத்துப்பொடியும், பொருள்களில் தீப்பற்றாமல் தடுக்கும் ஒரு புரோமின் இரசாயனமும் ஒரே தொழிற்சாலையில் உண்டாயின. இரண்டன் பெயர்களும் ஏறக்குறைய ஒத்திருந்தன. பை மாறிப்போயிற்று. இரசாயனம் தீவன ஆலைக்குச் சென்று, தீனியிற் கலந்து, பண்ணைகளை அடைந்தது. பசுக்கள் தீனியை வெறுத்தன, பால் வற்றிற்று, குளம்புகள் கோணி வளர்ந்தன. பிரடெரிக் ஹால்பர்ட் என்னும் பண்ணையார் இரசாயனக் கல்வி பெற்றவராதலின், தீவனத்தின்மேல் ஐயங்கொண்டு விடாது ஆராயச்செய்தார். 1974-ஆம் ஆண்டின் வசந்த காலத்திலேயே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் அம்மாகாணத்தாருள் மிகப் பலர் அப்பாலையும் இறைச்சியையும் முட்டையையும் உண்டுவிட்டனர். அந்நஞ்சு கொழுப்பிற் கரைந்து தங்குவது, காய்ச்சினால் நீங்காது, வெண்ணெயில் மேலும் செறியும். ஏறத்தாழ 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் கொன்று புதைக்கப்பட்டன. ஒரு பையின்மேல் எழுதிய பெயரைச் செவ்வையாகப் படியாமையால் விளைந்தது இது.

தீனியிற் சேர்ந்த தீங்கு ஒவ்வொன்றும் பாலில் இறங்கும் என்று அஞ்சவும் வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் கசாப்புக் கழிவாகிய இறைச்சியையும் எலும்பையும் அரைத்துப் பசுக்களுக்கே ஊட்டினர். புல் தின்னும் பிராணிக்குத் தன் இனத்தின் ஊனையே உணவாக்கிய அச்செய்கையால், 1986-இல் பித்துப்பசு நோய் கண்டறியப்பட்டது. 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகளை அது பற்றிற்று. 1988-இல் அத்தீனியைத் தடை செய்தனர். மாட்டிறைச்சி வழியாக மனிதரையும் அந்நோய் பற்றியிருத்தல் கூடும் என்று 1996-இல் அரசாங்கத்தார் ஒப்புக்கொண்டனர். அந்நாட்டில் 178 பேர் அதனால் இறந்தனர். ஆயினும் பாலின் வழியே அந்நோய் மனிதரை அடைந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே, எந்த நஞ்சு பாலில் இறங்கும், எது இறங்காது என்பதை ஒவ்வொன்றாக ஆராய்ந்தே துணிதல்வேண்டும். அச்சமும் அசட்டையும் இரண்டும் தவறேயாம்.

இனி நம் தொட்டியைப் பற்றிய செய்திக்கு வருவாம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் லட்சத்திற்கு மேற்பட்டவை சில மாதங்களுக்குள் மடிந்தன. காரணம் விளங்காமையால் அதனை 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றனர். ஆராய்ந்து பார்க்குமிடத்து, அக்குஞ்சுகள் பிரேசில் தேசத்திலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்றவை என்று தெரிந்தது. அப்பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் வளர்ந்திருந்தது. அப்பூசணம் சுரந்த நஞ்சே குஞ்சுகளின் ஈரலைக் கெடுத்தது. பூசணத்தின் பெயரைக் கொண்டே அந்நஞ்சிற்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயரிட்டனர்.

அப்பிண்ணாக்கைப் பசுக்களும் தின்றனவே, அவற்றின் பால் எத்தகையது என்ற கேள்வி உடனே எழுந்தது. இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் அத்தகைய பசுக்களின் பாலிலிருந்து எடுத்த சத்தை வாத்துக்குஞ்சுகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். குஞ்சுகளின் ஈரலில் அதே கேடு கண்டது. இச்செய்தி 1963-இல் வெளியாயிற்று. பசுவின் ஈரல் அந்நஞ்சைச் சிறிது மாற்றி அமைக்கின்றது. மாறிய நஞ்சு பாலில் இறங்குகின்றது. பால் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அதனை 'அஃப்ளாடாக்சின் எம்1' என்று வழங்குகின்றனர். தின்ற நஞ்சில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே பெரும்பாலும் பாலுக்கு வருவது; மிகுதியாகக் கறக்கும் பசுவில் அது மேலும் கூடும். தின்ற ஒரு நாளைக்குள் பாலிற் காணும். கெட்ட தீனியை நிறுத்தினாலோ சில நாட்களில் நீங்கிவிடும். காய்ச்சுதலால் அது அழியாது. தயிராக்கினும் முற்றும் நீங்காது. பாலாடைக்கட்டியிலோ செறிந்து நிற்கும். நாம் முதலிற் கேட்ட வினாவிற்கு விடை இதுவே: ஆம், தாய் விலக்கிய நஞ்சு பிள்ளையின் கிண்ணத்திற்கு மீளும்.

இந்நஞ்சின் கொடுமையை நம் தேசமும் கண்டது. 1974-இல் குஜராத், இராஜஸ்தான் எல்லைப்புறக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு கதியின்றி உண்ட ஏழைகளுள் 397 பேர் ஈரல் நோயுற்று, 106 பேர் இறந்தனர். பாலிற் காணும் அளவு அத்துணைப் பெரிதன்று. பருகிய அன்றே ஒருவரும் வீழ்ந்துவிடமாட்டார். ஆனால் அஃப்ளாடாக்சின்கள் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என்று அகில உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் துணிந்துள்ளனர். நாள்தோறும் பாலையே பெரிதும் நம்பி வளரும் பச்சிளம் பிள்ளைக்குச் சிறிய அளவும் சிறியதன்று. அதனாலேயே நம் தேசத்துச் சட்டம் ஒரு கிலோ பாலில் இந்நஞ்சு அரை மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கின்றது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தார் அதனினும் பத்திலொரு பங்கே பொறுப்பர்.

2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தார் தேசமெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தனர். யூரியா, சலவைத்தூள் முதலியன கலந்த பாலே ஊரெங்கும் விற்கின்றது என்று ஜனங்கள் அஞ்சியிருக்க, அங்ஙனம் கலப்பால் தீங்குடையவாய்க் கண்டவை 12 மாதிரிகளே. அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பு கடந்திருந்தவையோ 368. அவற்றுள் தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அடங்கும். ஏறக்குறைய ஆறில் ஒன்று. பால்காரன் செம்பில் என்ன கலந்தான் என்று நாம் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, குற்றம் அதற்கு முன்னரே தொட்டியில் நிகழ்ந்திருந்தது.

நிலக்கடலை நம் மானாவாரி நிலங்களின் செல்வம். அறுவடைக்குமுன் வறட்சி தாக்கினும், பறித்த காய் ஈரத்தோடு குவிந்து கிடப்பினும் பூசணம் புகும். ஆட்டி எண்ணெய் எடுக்கும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றது. அப்பிண்ணாக்கும், பருத்திவிதையும், மக்காச்சோளமும் ஈரத்தரையில் மூட்டையாகக் கிடக்குமிடத்துப் பூசணம் மேலும் பெருகும்.

ஆதலின் நம்மவர்க்கு விண்ணப்பித்துக்கொள்வது இதுவாம். கடலையை நன்றாகக் காயவைத்தே குவியுங்கள். தீவன மூட்டைகளைப் பலகையின்மேல், சுவரிற் படாமல், காற்றாட அடுக்குங்கள். மழைக்காலத்தில் மிகுதியாக வாங்கிச் சேமியாதீர்கள். பூசண நாற்றம் வீசும் தீனியைக் கறவைப் பசுவிற்கு ஒருகாலும் வையாதீர்கள். கழுநீரில் ஊறவைத்தலால் நஞ்சு போய்விடாது. கண்ணுக்குத் தெரியாத அளவிலும் நஞ்சு இருக்கக்கூடுமாதலின், சோதனை செய்த தீவனத்தையே கேட்டு வாங்குங்கள். கெட்ட பிண்ணாக்கைப் பயிருக்கு எருவாக்கலாம்.

ஒரு மூட்டையை எருக்குழியில் இடுவது ஏழைக்குப் பெருநஷ்டம் என்பதை நாம் அறியாமலில்லை. நாளைக்கு நான்கு படி கறந்து குடும்பம் நடத்தும் விதவைக்கு, கெட்டதைக் கொட்டு என்று உபதேசிப்பது எளிது. மாற்று மூட்டைக்குப் பணம் யார் தருவது? ஆகையால் பிண்ணாக்கு விற்கும் நம் செல்வர்களிடம் தனித்து ஒரு சொல் கூறுவாம். ஈரம் பட்ட சரக்கை மலிவு விலைக்குத் தள்ளிவிட முயலாதீர்கள். பூசணம் கண்டு திரும்பிவரும் மூட்டையை முகங்கோணாது ஏற்று, நல்லதைக் கொடுத்தனுப்புங்கள். அதனால் வரும் நஷ்டத்தை வணிகரும் கறவைக்காரரும் பங்கிட்டுத் தாங்குவதற்கு ஒரு முறையை நம் சங்கக் கிளைகள் வகுத்தல் தகும்.

பாலைத் துறக்கச் சொல்ல நாம் இதனை எழுதவில்லை. பெரும்பான்மையான பால் வரம்பிற்கு உட்பட்டே இருந்தது என்பதையும் அச்சோதனையே காட்டிற்று. நியூயார்க்கு நகரத்தார் ஒரு நூலுக்கும் ஒரு சட்டத்திற்கும் இடையே இருபது ஆண்டுகள் வாளா இருந்தனர். நமக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இன்று மாலை தொட்டியில் தீனி வைக்குமுன், அதனை ஒருபிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். பிள்ளைக்குக் கொடோம் என்று தோன்றுமாயின், பசுவிற்கும் வையாதீர்கள்.